ஸ்லோ குக்கரின் சூட்டுக் கணக்கு

மணிக்கணக்கில் மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கரில் 'லோ', 'ஹை' என்று இரண்டு நிலைகள் இருக்கும். லோவில் வைத்தால் குழம்பு மிதமான சூட்டில் வேகும், ஹையில் வைத்தால் நல்ல சூட்டில் வேகும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலான குக்கர்களில் இரண்டு நிலையிலும் குழம்பு கடைசியில் போய்ச் சேரும் சூடு ஏறத்தாழ ஒன்றே. கொதிநிலைக்குக் கொஞ்சம் கீழே, 95 டிகிரி செல்சியஸைத் தாண்டிய ஓர் இடம். ஹையில் அங்கே போய்ச் சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும், லோவில் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இது பிடிபட்டுவிட்டால், மறுநாள் ஆபீஸ் சாப்பாட்டுக்கு இதில் எதைச் சமைக்கலாம், எதைப் போடவே கூடாது என்பதைப் பெரும்பாலும் நாமே சொல்லிவிடலாம். உச்சச் சூட்டில் கழியும் நேரத்தைவிட அங்கே ஏறிப்போகும் நேரம்தான் இந்தப் பாத்திரத்தில் அதிகம். அந்த ஏற்றத்தில் கறிக்கு ஒன்று நடக்கிறது, காய்க்கு ஒன்று நடக்கிறது, பயறுக்கு வேறொன்று.

முதலில் பாத்திரத்தைப் பார்ப்போம். உள்ளே கனமான பீங்கான் சட்டி, அதைச் சுற்றி ஓர் உலோக உறை, உறையின் பக்கச் சுவரை ஒட்டிச் சூடேற்றும் கம்பிச் சுருள், மேலே கண்ணாடி மூடி. எளிய மாடல்கள் பலவற்றில் சூட்டை அளந்து நிறுத்தும் தெர்மோஸ்டாட்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு சூட்டில் நிற்கிறதே, எப்படி? அடியில் ஓட்டை உள்ள வாளியைக் குழாயடியில் வைத்தது போலத்தான். தண்ணீர் ஏற ஏற ஓட்டை வழியாக வெளியேறும் வேகமும் கூடும், வருவதும் போவதும் சமமாகும்போது மட்டம் நின்றுவிடும். இங்கே வருவது சுருள் தரும் சூடு, போவது பக்கச் சுவர் வழியாகவும் ஆவியாகவும் கசியும் சூடு. கொதிநிலையை நெருங்க நெருங்க ஆவியோடு போகும் சூடு மளமளவென்று கூடிவிடும். அதனால்தான் ஹையில் கூடுதலாக வரும் வாட், இறுதிச் சூட்டைப் பெரிதாக உயர்த்துவதில்லை.

ஏறுவதற்கு ஏன் இவ்வளவு நேரம்? மூன்று லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 95 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 880 கிலோஜூல் சூடு வேண்டும். 200 வாட் சுருள் ஒன்று, துளி சூட்டைக்கூட வெளியே விடாமல் கொடுத்தாலும் அதற்கு 73 நிமிடம் பிடிக்கும். நிஜத்தில் அந்தக் கனமான பீங்கானையும் சூடேற்றி, சுற்றியிருக்கும் காற்றுக்கும் இழந்துகொண்டே போக வேண்டியிருக்கிறது. கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் இதைப்போல் பத்து மடங்கு, இரண்டு கிலோவாட்டுக்கு மேல் சூடு தரும். எட்டு மணி நேரம் ஓடினாலும் 200 வாட் குக்கர் ஒன்றரை யூனிட் சொச்சம்தான் இழுக்கும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இதை உருவாக்கியவர் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் வாழ்ந்த இர்விங் நாக்சன். அவருடைய தாய் லித்துவேனியாவிலிருந்து வந்த யூதப் பெண். யூதர்களின் ஓய்வு நாளான சப்பாத்தில் அடுப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குள் கறி, அவரை வகைப் பயறுகள், உருளைக்கிழங்கு எல்லாம் போட்ட சோலண்ட் பானையை ஊர் பேக்கரிக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வேலை முடிந்த அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டிலேயே அது இரவெல்லாம் வெந்து, சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தயாராக இருக்கும். தாய் சொன்ன இந்தக் கதைதான் நாக்சனின் மனதில் விதையாக விழுந்தது. 1940இல் காப்புரிமை கிடைத்தது. பிறகு ரைவல் என்ற கம்பெனி அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் 'கிராக் பாட்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. விற்பனை எங்கேயோ போய்விட்டது. மறுநாள் மதியத்துக்கு முந்தைய நாளே அடுப்பேற்றுவது என்பது, ஆக, இந்தப் பாத்திரத்தோடு கூடப் பிறந்த குணம்.

சரி, கறிக்கு வருவோம். ஆட்டின் முன்னங்கால், கழுத்து, நல்லி போன்ற உழைத்த பாகங்களில் கொலாஜன் என்ற ஜவ்வுப் புரதம் நிறைய இருக்கும். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது தசை நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும். கறி இறுகும். பாதி வேக்காட்டில் எடுத்துக் கடித்தால் ரப்பர் போல இருப்பதற்கு இதுதான் காரணம். 70 டிகிரிக்கு மேலே போனதும் கொலாஜன் மெல்ல அவிழ்ந்து ஜெலட்டினாகக் கரையத் தொடங்கும். இதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். ஸ்லோ குக்கரில் நேரத்துக்குப் பஞ்சமில்லை. கரைந்த ஜெலட்டின் நார்களுக்கு இடையில் பரவி, சாறு இழந்த கறியையும் வழுவழுப்பாக்கிவிடும். இரவெல்லாம் அடுப்பில் கிடந்த ஆட்டுக்கால் பாயா உதட்டில் ஒட்டுவதும் இதே ஜெலட்டினால்தான்.

பிரஷர் குக்கர் இதே வேலையை 120 டிகிரியில் அரை மணி நேரத்தில் முடித்துவிடுமே என்று கேட்கலாம். முடித்துவிடும்தான். விசில் எண்ணிக்கொண்டு பக்கத்தில் நிற்க ஆள் இருந்தால் அதுவே மேல். துவரம்பருப்பு வேகவைக்க ஸ்லோ குக்கர் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். எலும்போடு கூடிய கறி, முன்னிரவே ஊறவைத்த கொண்டைக்கடலை, மட்டன் சூப், இந்த மாதிரி நிதானம் கேட்கும் பண்டங்களுக்குத்தான் இது சரி. கோழியில் நெஞ்சுக் கறியில் கொலாஜன் மிகக் குறைவு என்பதால் எட்டு மணி நேரத்தில் அது பஞ்சு போல வறண்டுவிடும், காலும் தொடையும் தாங்கும். மீனைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதன் கொலாஜன் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். எட்டு மணி கழித்துத் திறந்தால் முள் தனியே குழம்பு தனியே இருக்கும்.

காய் விஷயத்தில்தான் வேடிக்கை. கறி பஞ்சாக வெந்திருக்கும், கூடப் போட்ட கேரட் மட்டும் கடக் என்று கடிபடும். காயின் செல்களை ஒட்டிவைத்திருப்பது பெக்டின். அது தளர 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கொலாஜன் கரையத் தொடங்கும் சூட்டில் காய் இன்னும் அசைந்துகூடக் கொடுப்பதில்லை. இது போதாதென்று, 55 - 60 டிகிரி வாக்கில் கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ் போன்றவற்றுக்குள் இருக்கும் ஒரு நொதி விழித்துக்கொண்டு பெக்டினின் அமைப்பை மாற்றும். மாறிய பெக்டின் காயிலேயே உள்ள கால்சியத்தோடு பிணைந்து முன்பைவிட உறுதியாகிவிடும். வேகமாகக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால் இந்த நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. ஸ்லோ குக்கரோ அந்தச் சூட்டைக் கடக்க வெகுநேரம் எடுத்துக்கொள்கிறது. ஆக, கிழங்கு வகைகளைச் சின்னதாக நறுக்கி, சுருள் இருக்கும் பக்கச் சுவரை ஒட்டியும் அடியிலும் போட்டு, கறியை மேலே வைக்க வேண்டும்.

புளிப்பும் பெக்டினைக் கரையவிடாது. காய் வெந்த பிறகே புளிக்கரைசல் ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கமாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டுப் போகும் இந்தப் பாத்திரத்தில் அந்த வரிசை குலைந்துபோகும். புளியையும் நிறையத் தக்காளியையும் முதலிலேயே சேர்த்தால் கொண்டைக்கடலை எத்தனை மணி நேரம் கிடந்தாலும் கல்லாகவே இருக்கும். கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்த்தால் போதும்.

இனி சொல்லப்போவது ராஜ்மா பற்றி. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளலாம். சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் உண்டு. சரியாக வேகாத நான்கைந்து பயறு போதும், மூன்று மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். கொதிக்கும் சூட்டில் இது அழிந்துவிடுகிறது. ஆனால் 80 டிகிரி வரை மட்டும் சூடேறி நின்றுவிட்ட ராஜ்மாவில் நச்சுத்தன்மை பச்சைப் பயறில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு வரைகூடப் போகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கிறது. லோவில் வைத்த குக்கர் மணிக்கணக்கில் சுற்றிவருவது அந்தச் சூட்டைத்தான். பயறு மென்மையாகிவிட்டது என்பதால் நச்சு போய்விட்டது என்று ஆகாது. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கருக்குள் விட வேண்டும். பிரஷர் குக்கரில் நன்றாக வேகவைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. கொண்டைக்கடலையில் இந்த அளவுக்கு ஆபத்து இல்லாததால், என்னைக் கேட்டால் டிபன் பாக்ஸுக்கு அதுவே சௌகரியம்.

ருசிக்கு வந்தால், ஸ்லோ குக்கரால் வதக்க முடியாது. வெங்காயமும் கறியும் சிவந்து மணம் கிளம்பும் மைலார்ட் வினை வேகமாக நடக்க 140 டிகிரி அளவில் சூடு வேண்டும். தண்ணீர் இருக்கும் பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மசாலா எல்லாவற்றையும் வாணலியில் எண்ணெய் பிரிய வதக்கிய பிறகு உள்ளே போடுவது நல்லது. ஒரு வினோதம் உண்டு. சோலண்ட் பானையில் ஓட்டோடு வைக்கும் முட்டை விடிவதற்குள் பழுப்பாகிவிடும். முட்டையின் வெள்ளைக்கரு காரத்தன்மை உள்ளது. அதோடு இரவு முழுக்க நேரமும் கிடைப்பதால் குறைந்த சூட்டிலேயே அந்த வினை மெதுவாக நடந்துமுடிகிறது.

தண்ணீரையும் கைபார்த்து ஊற்ற வேண்டும். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து திரும்பச் சட்டிக்குள்ளேயே விழுவதால் குழம்பு சுண்டவே சுண்டாது. அடுப்பில் வைப்பதைவிடக் குறைவாக ஊற்றினாலே போதும். தேங்காய்ப்பால் நீண்ட சூட்டில் திரிந்துவிடும் என்பதால் அதுவும் தாளிப்பும் கொத்தமல்லியும் இறக்கும் நேரத்துக்கு. நடுவில் மூடியைத் திறந்து கிளறிப் பார்க்கும் கை அரிக்கும்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்த்துவைத்த ஆவி போய்விடும், இவ்வளவு குறைந்த வாட்டில் அதைத் திரும்பப் பெறக் கால் மணி நேரமாவது ஆகும்.

ஏறும் சூட்டைப் போலவே இறங்கும் சூட்டையும் கவனிக்க வேண்டும். நாளைக்கு என்று சமைப்பவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான். கிருமிகள் செழிப்பது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். ஏறும்போது இந்த வட்டத்தைச் சீக்கிரம் கடக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஃபிரீசரில் உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது, முதல் ஒரு மணி நேரம் ஹையில் வைத்துப் பிறகு லோவுக்கு மாற்றலாம் என்கிறார்கள். இறங்கும்போது கதை வேறு. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியா, கறி வேகும் சூட்டைத் தாங்கும் வித்துகளாக மாறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். குழம்பு ஆறி 45 டிகிரி வாக்கில் வந்ததும் அவை முளைத்து, ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஒரு மணி நேரத்தில் ஒன்று 64 ஆகும். சூட்டைப் பிடித்துவைக்கும் கனமான பீங்கான் சட்டி, சமைக்கும்போது செய்த உபகாரத்துக்கு நேர் எதிராக இப்போது குழம்பை ஆறவிடாமல் அந்தச் சூட்டிலேயே உட்காரவைக்கும். அணைத்துவிட்டு மூடியோடு மேடையில் விட்டுத் தூங்கப் போவதுதான் மிக மோசமான வழி.

தட்டையான, ஆழம் குறைந்த டப்பாக்களில் பிரித்து ஊற்றினால் சீக்கிரம் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மூன்று நான்கு நாள் தாங்கும். ஆட்டுக்கறிக் குழம்பு காலையில் அல்வா போல உறைந்திருந்தால் ஜெலட்டின் நன்றாக இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பஸ்ஸில் டிபன் பாக்ஸ் சாய்ந்தாலும் சட்டென்று கொட்டாது என்பது உபரி லாபம். ஆபீஸ் மைக்ரோவேவில் நடுவில் கிளறிவிட்டு, ஆவி பறக்கும்வரை, அதாவது 75 டிகிரி அளவுக்குச் சூடுபடுத்த வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைத் திரும்ப ஸ்லோ குக்கரில் வைத்துச் சூடுபண்ணுவது, அந்த ஆபத்தான ஏற்றத்தை மறுபடி மெதுவாக ஏறுவதாகும்.

சோற்றை மட்டும் முடிந்தால் அன்றன்றைக்கு வடிப்பது நல்லது. வெளியே கிடந்து ஆறிய சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் ஒரு நச்சு, திரும்பக் கொதிக்கவைத்தாலும் அழியாது. முந்தைய நாள் சோறுதான் என்றால் வடித்த சூட்டோடு பரப்பி ஆற்றி உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும்.

கடைசியாக, கரண்ட். காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். நடுவில் மின்சாரம் போய்வந்தால் சில மாடல்கள் அணைந்தது அணைந்தபடியே கிடக்கும், சில மாடல்கள் ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப ஓடும். மாலையில் பார்க்கும்போது குழம்பு சூடாக, வெந்து, மணமாகத்தான் இருக்கும். நடுவில் எத்தனை மணி நேரம் 40 டிகிரியில் கிடந்தது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பவர்கட் எவ்வளவு நேரம் என்று பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை என்றால், எவ்வளவு கறி போட்டிருந்தாலும் கொட்டிவிடுவதுதான் சரி. கரண்ட் அடிக்கடி போகும் ஊரில், வீட்டில் ஆள் இருக்கும் மாலை நேரத்திலேயே ஹையில் நான்கு மணி நேரம் வைத்து, பத்து மணிக்கு டப்பாவில் பிரித்துவிட்டுப் படுப்பது நல்லது.