"நோகேல்லையே, டொக்டர்!"

நல்லூர்த் திருவிழா 25 நாளும் முடிந்து ஒரு கிழமைக்குள் கொப்புளம் போட்ட கால்கள் எங்கள் சலரோக (நீரிழிவு) கிளினிக்குக்கு வரத் தொடங்கிவிடும். இந்த வருடமும் வந்தன. கடைசியாக வந்த ஐயாவுக்கு இரண்டு உள்ளங்காலும் உரிந்து, வலது பெருவிரல் கறுத்தே விட்டது. வெயில் ஏறிய பிறகும் சுடுமண்ணில் வெறுங்காலோடு நின்றிருக்கிறார். வீட்டுத் தரையில் ஈரத்தடம் கண்ட மனைவிதான் காலைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். "ஏன் ஐயா இவ்வளவு நாளும் வரவில்லை?" என்றேன். "நோகேல்லையே, டொக்டர்!"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. சலரோகக்காரருக்குக் காயம் நோகாவிட்டால்தான் கூடப் பயப்பட வேண்டும். இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடியே நின்றால் கால் நரம்புகள் பழுதாகும். முதலில் எரிவு, விறைப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி. பிறகு அதுவும் இல்லாமல் போகும். சனம் இதைச் சுகம் என்று நினைக்கிறது! "முந்தி இராவிராவா எரியும், இப்ப எல்லாம் நிண்டிட்டுது" என்று யாராவது சந்தோஷமாகச் சொன்னால் எனக்குப் பகீர் என்கிறது. ஒருவரைச் செருப்பைக் கழற்றச் சொன்னோம், கழலவில்லை. செருப்பில் ஏறிய ஆணி பாதத்துக்குள்ளும் ஏறியிருந்தது. அந்தக் காலோடு அவர் சைக்கிள் மிதித்து வந்திருந்தார்.

உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலோன் இழை போதும். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்காலில் தொடுவோம். அது தெரியவில்லை என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறையாவது இதைக் கேட்டுச் செய்வியுங்கள். நாங்கள் மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

கிளினிக்குக்கு முந்திய இரண்டு நாள் மட்டும் புட்டைக் குறைத்து, பிளேன்ரீக்குச் சீனி போடாமல் வருகிறவர்களுக்கு: வெறும் வயிற்று இரத்தப் பரிசோதனையில் தப்பலாம். ஆனால் எச்பிஏ1சி என்ற இன்னொரு இரத்தப் பரிசோதனை கடந்த மூன்று மாதச் சீனியையும் காட்டிக்கொடுக்கும். நீங்கள் ஏமாற்றுவது என்னை இல்லை. பனங்கட்டி கடித்தாலும் சீனி ஏறும், சரியா?

வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள். ஆணிக்காலை பிளேட்டால் சீவாதீர்கள். கால் விறைக்கிறதென்று சுடுதண்ணீரில் வைக்காதீர்கள். அதன் சூடு உங்களுக்குத் தெரியாது. சுருட்டை விடுங்கள், ஏற்கெனவே குறைந்த இரத்தோட்டத்தை அது இன்னும் குறைக்கும். கோயிலுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடியப்புறப் பூசைக்குப் போங்கள், மண் குளிர்ந்திருக்கும். முருகன் கோபிக்க மாட்டார்.

இரவு படுக்குமுன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவர்கள் நிலத்தில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் கனடாவில், வீட்டில் நீங்கள் இருவர் மட்டும் என்றால் ஒருவர் காலை மற்றவர் பாருங்கள், தயவுசெய்து.

கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, வீக்கம், எது கண்டாலும் அன்றைக்கே வாருங்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தத் துணியால் மூடிக்கொண்டு வந்தால் போதும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் கோப்பித்தூளும் அப்பிக்கொண்டு வராதீர்கள். அதைக் கழுவி எடுத்துக் காயத்தைக் காண்பதற்குள் எங்கள் தாதிக்குப் பாதி நேரம் போய்விடுகிறது.