கார் தானாகப் பிறேக் அடித்தால்: எப்ப பம்பர் கழற்றினீர்கள்?

“தம்பி, காருக்குள்ள என்னவோ பூந்திட்டுது” என்றபடியே என் கராஜ் வாசலில் இறங்கினார் அந்த ஐயா. ஓய்வுபெற்ற வாத்தியார். கொழும்பில் மகளைப் பார்த்துவிட்டு ஏ9 வழியாக வந்திருக்கிறார். பரந்தன் தாண்டி ஆனையிறவுக்கு ஏறுகிற நேர் றோட்டில், றேடார் குறூஸை (முன்வாகனத்தைப் பார்த்துத் தானாக வேகம் பிடிக்கிற வசதி) 70இல் போட்டுவிட்டுக் காலை எடுத்திருக்கிறார். முன்னுக்கு ஒரு வாகனமும் இல்லையாம். திடீரென்று மீட்டரில் சிவப்பாக ஏதோ யப்பான் எழுத்து, ஒரு கத்தல், கார் முன்பக்கம் குனிந்து நிற்கப் பார்த்ததாம். பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடி வலப்பக்கத்தால் விலத்திப் போனதால் தப்பினார்கள். மடியிலிருந்த தண்ணீர்ப் போத்தல் டாஷ்போர்டில் போய் அடித்த கதையைக் கூட வந்த அவர் மனைவி இரண்டு தரம் சொன்னார்.

நான் கேட்ட முதல் கேள்வி: “ஐயா, எப்ப பம்பர் கழட்டினது?”

“போன மாசம் மாடு ஒண்டு குறுக்க வந்து முட்டினது. ஆனா வடிவாச் செய்து தந்தவங்கள்.”

இரண்டாவது கேள்வி: “எதிர்ப்பக்கம் என்ன வந்தது?”

“ஒரு லொறி. அது தன்ர பக்கத்தாலதானே வந்தது!”

எனக்கு அரைவாசி விளங்கிவிட்டது.

இந்த மாதிரிக் கதையோடு இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறந்தது. யப்பானில் உள்நாட்டில் செய்யப்படும் புதிய மாதிரிக் கார்களுக்குத் தானியங்கிப் பிறேக் 2021 நவம்பரிலிருந்து கட்டாயம். ஆக, இனி இங்கே வருகிற யப்பான் கார்களில் பெரும்பாலும் முன்னுக்கு ஒரு கண் இருக்கும். ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. கையேடும் யப்பான் மொழியில்.

ஆட்கள் இரண்டு விசயத்தைப் போட்டுக் குழப்புகிறார்கள். குறூஸ் என்பது முன்வாகனத்தோடு இடைவெளி பார்த்து ஓடுகிற வசதி. அது பிடிக்கிற பிறேக் மென்மையானது. அதற்கான சர்வதேசத் தரம் வேகத்தில் போகும்போது அனுமதிப்பது, ஒரு செக்கனில் மணிக்கு 12, 13 கிலோமீற்றர் குறைகிற அளவைத்தான். தானியங்கிப் பிறேக், அதாவது அவசரப் பிறேக், வேறு. அது மோதப் போகிறோம் என்று முடிவுகட்டியபின் வருவது. கத்தும், சிவப்பு காட்டும், அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் பிடிக்கும். குறூஸை நிறுத்தி வைத்தாலும் அது வேலை செய்யும். அதனால்தான் “கத்தினதோ?” என்று கேட்பேன். கத்தாமல் மெல்ல இழுத்தால் குறூஸ். கத்தி இழுத்தால் மற்றது.

சரி, இல்லாத வாகனத்துக்கு ஏன் பிடிக்கிறது? பெரும்பாலான கார்களில் முன் சின்னத்துக்குப் பின்னால் அல்லது பம்பருக்குள் அலையை அனுப்பித் தெறித்து வருவதைப் பார்க்கிற 77 கிகாஹேர்ட்ஸ் றேடார் இருக்கும், முன் கண்ணாடியின் மேலே கமரா இருக்கும். றேடாருக்கு உலோகம் என்றால் பளிச்சென்று தெரியும். பெயர்ப்பலகை, பாலத்தின் இரும்புக் கைபிடி, நிறுத்தி வைத்த ரிப்பர் லொறி எல்லாமே கார் ஓடுகிற அதே வேகத்தில் தன்னை நோக்கி வருவதாகத்தான் அதற்குப் படும். இவற்றில் எதை விடுவது, எதற்குப் பிறேக் பிடிப்பது என்று கொம்பியூட்டர் தீர்மானிக்க வேண்டும். எல்லாவற்றையும் விட்டால் நிற்கிற லொறியில் போய் இடிக்கும். எல்லாவற்றுக்கும் பயந்தால் பலகைக்குப் பலகை நிற்கும். புதுக் காருக்கும் இந்தத் தொல்லை உண்டு. 2022 பெப்ரவரியில் அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிர்வாகம், 354 முறைப்பாடுகளுக்குப் பிறகு, சுமார் 4 இலட்சத்து 16 ஆயிரம் ரெஸ்லா கார்கள் காரணமில்லாமல் பிறேக் பிடிப்பதை விசாரிக்கத் தொடங்கியது.

ஆனால் என் கராஜுக்கு வருகிறவற்றில் கூடுதலானவை ரின்கரிங் (அடிபட்ட பொடியை நிமிர்த்துகிற) வேலையின் பிள்ளைகள்.

ஐயாவின் காரில் பம்பரைக் கழற்றிப் பார்த்தோம். றேடாரைப் பிடிக்கிற பிளாஸ்ரிக் தாங்கியின் ஒரு காது உடைந்திருந்தது. பசை போட்டு, கேபிள் ரையால் இழுத்துக் கட்டி வைத்திருந்தார்கள். பார்வைக்கு நேராகத்தான் இருந்தது. முகத்தில் நீர்மட்டத்தை வைத்தால் மேல் கீழ் சரி. பக்கவாட்டில்தான் வலப்பக்கம் திரும்பியிருந்தது. ஒரு பாகை திரும்பினாலே 100 மீற்றர் தூரத்தில் ஒன்றே முக்கால் மீற்றர் விலகும். அது அரை லேனுக்குக் கிட்ட. நடுவில் தடுப்பில்லாத றோட்டில் அது போதும், எதிரே வருகிற லொறி உங்கள் லேனுக்குள் வருவதாகக் காருக்குத் தோன்ற. ஆகவே கார் பேயைப் பார்க்கவில்லை. லொறியைத்தான் பார்த்தது, இடம் பிழைத்துப் பார்த்தது.

புதுத் தாங்கி வந்தபின் நேர்ப்படுத்தும் வேலை. நாலு ரயருக்கும் காற்றுச் சரிபார்த்து, டிக்கியிலிருந்த இரண்டு மூட்டை அரிசியை இறக்கி (மகள் வீட்டுக்குக் கொண்டுபோனதை மகள் திருப்பிவிட்டாவாம்), முன்னும் பின்னும் சின்னத்தின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சீமெந்து நிலத்தில் சோக்கால் நடுக்கோடு இழுத்தோம். அந்தக் கோட்டின் நேரே, அந்த மாதிரிக்குச் சொன்ன தூரத்தில், முக்கோண உலோகத் தெறிப்பானை நிறுத்திவிட்டு ஸ்கானரில் ஓட விட்டோம். முதல் தரம் சரிவரவில்லை. பக்கத்துக் காணியின் தகரவேலி! றேடார் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. காரைத் திருப்பி வேலி இல்லாத பக்கம் விட்டுத் திரும்பவும் கோடு கீறினோம். அரை நாள் போனது. “மட்டத்தை வைச்சுப் பாத்தாச் சரிதானே” என்று சொல்கிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

இன்னும் சில சங்கதிகள் நம் ஊருக்கே உரியவை. புதுக் கார் எடுத்துக் கோயிலில் பூசை செய்தால் சந்தனத்தை எங்கே வைக்கிறோம்? நேரே முன் சின்னத்தில். ஈரம் இந்த அலையை நன்றாக விழுங்கும். அநேகமாக “மறைந்துவிட்டது” என்று ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு றேடார் ஓய்ந்துபோகும். பேய்ப் பிறேக்குக்கு அது அவ்வளவு காரணமில்லை. ஆனாலும் துடையுங்கள். சந்தனம் போனெற்றில் இருந்தாலும் கடவுள் காப்பார். முன் கண்ணாடியின் மேல்விளிம்பில் ஒட்டுகிற ‘முருகன் துணை’ ஸ்ரிக்கர் கமராவுக்கு முன்னால் வரக் கூடாது. கல் பட்டுக் கண்ணாடி மாற்றினால் கமராவையும் நேர்ப்படுத்த வேண்டும், அதைச் செய்யாமல் கண்ணாடிக்கு மட்டும் காசு கொடுப்பவர்களே அதிகம். றேடார் பம்பருக்குள் இருக்கிற கார்களில் அந்த இடத்தில் பள்ளம் நிரப்புகிற பட்டியை மொத்தமாக அப்பிப் பெயின்ற் அடிப்பதும் ஆகாது. அசல் சின்னத்தைக் கழற்றிக் குரோம் சின்னம் பூட்டுகிற தம்பிமாருக்கு நான் பதில் சொல்வதில்லை, காரைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பிழையே இல்லாத காரிலும் இது நடக்கும். வளைவில் ஓரமாக நிற்கிற லொறி சில கணம் நேர் முன்னால் இருக்கும். பின்னேரம் மேற்கே போகையில் தாழ்ந்த வெயில் கமராவைக் கூசவைக்கும். முன்னால் போன ஓட்டோ இடப்பக்க ஒழுங்கைக்குள் திரும்பிப் போன பிறகும் அதன் வால் இன்னும் றோட்டில் இருப்பதாகக் கார் நினைக்கும்.

அப்படி ஒரு கணம் வந்தால் பதறிப் பிறேக்கில் மிதிக்கிறோம். அதற்குப் பதிலாக, முன்னால் உண்மையில் ஒன்றும் இல்லை என்று கண்ணால் கண்டால் அக்சிலேற்றரை மெல்ல அழுத்துங்கள். குறூஸ் பிறேக் விட்டுவிடும். பல கார்களில் அவசரப் பிறேக்கும் பலமாக அழுத்தினால் விடும். அதற்குக் கால் பெடலுக்குக் கிட்ட இருக்க வேண்டும். காலை மடித்து வைத்துக்கொண்டு குறூஸில் போகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் குறூஸை நிறுத்திவிட்டு அதைப் போக விடுங்கள், 70இல் ஒரு செக்கனுக்கு 19 மீற்றர் போகிறோம். யாழ்ப்பாண ரவுணுக்குள், சைக்கிளும் மாடும் கலந்த ஒழுங்கைகளில், குறூஸைத் தொடவே வேண்டாம்.

அவசரப் பிறேக்கை நிரந்தரமாக நிறுத்தித் தரச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதில்லை. ஒரு தரம் பிழையாகப் பிடித்தது என்று, சரியாகப் பிடிக்கப்போகிற நாளையும் விட்டுவிடுவதா? பிழையைத் தேடிப் பிடிப்பது நீண்ட வேலை, அவ்வளவுதான்.

ஐயாவின் காரை அடுத்த நாள் கொடிகாமம் வரை ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்ட, அவர் பக்கத்தில். குறூஸ் 60. எதிரே மணல் ஏற்றிய ரிப்பர் ஒன்று வந்தது. ஐயா மேலே இருந்த கைபிடியை இறுக்கிப் பிடித்தார். ரிப்பர் எங்களைத் தாண்டிப் போனது. மீட்டரில் ஒன்றும் வரவில்லை. கொஞ்சத் தூரம் போனபின்தான் கையை எடுத்தார்.