எடை எண் சொல்லாமல் விடுவது

இடுப்பைச் சுற்றி டேப்பை வைத்தவுடன் பெரும்பாலான ஆண்கள் வயிற்றை எக்கிக்கொள்கிறார்கள். எடை மெஷினில் ஏறுவதற்கு முன் செல்போனையும் பர்ஸையும் மேசைமேல் எடுத்து வைப்பவர்களும் அவர்கள்தான். அண்மையில் என்னிடம் வந்த வங்கி ஊழியர் ஒருவருக்கு வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 63 கிலோ. "இருபது வருஷமா பேன்ட் 34 சைஸ்தான் சார், ஒரு இன்ச்கூட ஏறல" என்றார். மூச்சை இயல்பாக வெளியே விடச் சொல்லிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அளந்தபோது டேப் 94 செ.மீ. காட்டியது, அதாவது 37 அங்குலம். அவர் பொய் சொல்லவில்லை. பேன்ட் தொப்புளுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. தொப்பை பெல்ட்டுக்கு மேலே தனியாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 240, ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு. நாற்பது வயதைக் கடந்த நம் ஊர் ஆண்களிடம் அடிக்கடி காணக்கூடிய அறிக்கைதான் இது.

உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறை குறியீட்டின்படி அவருக்கு 22.3. ஆசியர்களுக்கு 23 என்ற வரம்பை வைத்துப் பார்த்தாலும் அவர் 'நார்மல்'. இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் வகுத்தவர் கெட்லே என்ற பெல்ஜியப் புள்ளியியலாளர். மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிவதே அவருடைய நோக்கமாக இருந்ததேயன்றி, தனி மனிதருடைய கல்லீரலில் கொழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அல்ல.

இதே 22.3 என்ற எண்ணுக்கு மருத்துவ உலகில் ஒரு கதை உண்டு. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் அருகருகே நிற்கும் புகைப்படம் ஒன்று வெளியானது. இருவருக்கும் குறியீடு 22.3தான். ஆனால் உடல் கொழுப்பை அளந்தபோது லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேக்காரருக்கு 21.2 சதவீதம். ஒருவர் மாரத்தான் ஓடுபவர் என்றும், மற்றவருடைய முக்கிய ஓட்டம் மருத்துவமனை லிஃப்ட்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப்போய் ஏறுவதுதான் என்றும் அவர்களே அதில் தங்களைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். நம் உடலமைப்பில் தோலுக்கடியில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் இடம் குறைவு. அது நிரம்பியதும் மிகுதி குடலைச் சுற்றியும் கல்லீரலுக்குள்ளும் போய்ச் சேர்ந்து, இன்சுலின் சொல்வதைக் கேட்காத நிலையை உண்டாக்குகிறது. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற நாடு தழுவிய நீரிழிவு ஆய்வில், எடைக் குறியீட்டின்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம்தான், இடுப்புச் சுற்றளவின்படி பருமனானவர்களோ 39.5 சதவீதம். எடை மெஷினை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் இந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நமக்கான எல்லை. இதை நினைவில் வைக்க முடியாதவர்கள், இடுப்பு தம் உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த வங்கி ஊழியருக்கு நான் எடைக் குறைப்பு இலக்கு எதுவும் தரவில்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு எனக்கு இதில் தைரியம் தருகிறது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசை. அந்தத் தசைக்கு வேலை கொடுப்பது எடை மெஷினில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதிக எடை உள்ளவர்கள் இறக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 63 கிலோ மனிதர் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு 57 ஆனால், தொப்பையோடு தொடையும் கையும் சேர்ந்தே இளைத்திருக்கும்.

இந்தப் பாடத்தை நான் கற்றது என் தவறொன்றிலிருந்துதான். சில ஆண்டுகளுக்கு முன், 71 வயது அம்மா ஒருவர் வழக்கமான சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்திருந்தார். ஆறு மாதத்தில் 58 கிலோவிலிருந்து 53 ஆகியிருந்தார், சர்க்கரையும் நன்றாக இறங்கியிருந்தது. "பரவாயில்லையே, நல்லா கன்ட்ரோல் பண்ணியிருக்கீங்களேம்மா" என்று பாராட்டி, அதே மாத்திரைகளை எழுதிக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து, விடியற்காலையில் குளியலறையில் மயங்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த நிலையில் அவரை மகன் அழைத்து வந்தார். அப்போதுதான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். கணவர் இறந்தபின் ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி ரசம் சாதம், இரவில் பிஸ்கட்டும் டீயுமாக நாளைக் கடத்தியிருக்கிறார். சாப்பாடு பாதியாகியும் மாத்திரையின் அளவு அப்படியே இருந்ததால் சர்க்கரை தாழ்ந்துபோயிருந்தது. மோதிரம் கழன்று விழாமலிருக்க அதில் நூல் சுற்றியிருந்தார். முந்தைய வருகையிலும் அந்த நூல் இருந்திருக்கும். நான் சர்க்கரை ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வயதானவர் தாமாக முயலாமல் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் 5 சதவீத எடையை இழந்தால், காரணம் தேடியே ஆக வேண்டும். காசநோய், தைராய்டு, புற்றுநோய், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஆகியவற்றோடு, பொருந்தாத பல்செட், மனச்சோர்வு, தனிமை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. அறுபத்தைந்தைக் கடந்தவர்களிடம் சற்றுப் பூசினாற்போன்ற உடல் ஆயுளைக் குறைப்பதாகத் தெரியவில்லை, இளைத்துக்கொண்டே போவதுதான் ஆபத்தாகிறது. முப்பதுகளுக்குப் பின் மெல்லத் தொடங்கும் தசை இழப்பு அறுபதுக்குமேல் வேகமெடுக்கிறது. 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்குச் 'சார்க்கோபீனியா' என்று பெயரிடும்வரை மருத்துவர்களும் இதை 'வயசானா அப்படித்தான்' என்றே விட்டுவைத்திருந்தார்கள்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அருகில் ஒருவர் நிற்க, ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை வலு குறைகிறது என்று பொருள். அந்தப் பயிற்சியே மருந்தும் ஆகிறது. தினம் இரண்டு வேளை பத்துப் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்வேன். நடைப்பயிற்சி நல்லதுதான், தொடைத் தசைக்கு அது மட்டும் போதாது.

உணவில் நான் முதலில் கேட்பது புரதத்தை. சிறுநீரகக் கோளாறு இல்லாத முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம் வரை தேவைப்படுகிறது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ரசம் சாதத்தில் தேடிப்பார்த்தாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது. சைவம் என்றால் கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், பன்னீர் ஆகியவற்றை மூன்று வேளைக்கும் பிரித்துத் தர வேண்டும். 'வயசானவங்களுக்குக் கஞ்சி போதும்' என்று அன்போடு சொல்லும் பிள்ளைகளிடம்தான் எனக்கு அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது.

வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். தக்கவர்களுக்கு அவை மிக நல்ல மருந்துகள். ஆனால் எந்த வழியில் எடை இறங்கினாலும், உடற்பயிற்சி சேராவிட்டால் இழப்பில் ஏறத்தாழ கால்பங்கு கொழுப்பல்லாத திசுவாக இருக்கும். ஐம்பது வயதில் அதை ஈடுகட்டலாம், எழுபதில் கடினம். அந்த வயதினருக்கு எழுதுமுன் நாற்காலிச் சோதனையைச் செய்து நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன்.

அந்த அம்மாவுக்கு மாத்திரையைக் குறைத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்துத் தெருவிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். எட்டு மாதம் கழித்து வந்தவர், மெஷினில் 55 என்று கண்டதும் முகம் வாடி, "ரெண்டு கிலோ ஏறிடுச்சே டாக்டர், சாப்பாட்டைக் குறைக்கட்டுமா?" என்றார். முதலில் 19 வினாடி எடுத்த நாற்காலிச் சோதனையை அன்று 14 வினாடியில் முடித்திருந்தார். மோதிரத்தைக் காட்டச் சொன்னேன். நூல் இன்னும் இருந்தது, ஆனால் சுற்று குறைந்திருந்தது.