ஊழியம் எப்போது அமைச்சகம் ஆனது?

ஈரோட்டுப் பக்கம் ஒரு கிறிஸ்தவச் சபையின் ஆண்டுவிழா அழைப்பிதழ் கைக்கு வந்தது. பின்பக்கத்தில் வரிசையாகச் சிறுவர் அமைச்சகம், மகளிர் அமைச்சகம், இசை அமைச்சகம், உபசரிப்பு அமைச்சகம். காணிக்கை எண்ணுகிறவரை நிதியமைச்சர் என்று போடாததுதான் குறை. இந்த ஆண்டில் மட்டும் இதை நான்காவது முறையாகப் பார்க்கிறேன்.

சபையில் செய்யும் பணியை ஆங்கிலத்தில் மினிஸ்ட்ரி என்பார்கள், தமிழில் ஊழியம். அதன் மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் தியாகோனியா. பணிவிடை என்று பொருள். பந்தியில் பரிமாறுவதும் அதில் அடக்கம். லத்தீனில் அது மினிஸ்தேரியம் ஆயிற்று. 'குறைந்த' என்னும் பொருளுள்ள மினுஸ் அதன் வேர். அரசனின் பணியாள் காலப்போக்கில் மந்திரியாகிவிட்டதால், ஆங்கிலத்தில் மினிஸ்ட்ரி என்ற ஒரே சொல் கோட்டைக்கும் கோயிலுக்கும் போகிறது.

தமிழுக்கு அந்தச் சங்கடமே இல்லை. திருக்குறளின் 64ஆம் அதிகாரம் அமைச்சு. அரசனுக்கு ஆலோசனை சொல்கிறவனைப் பற்றியது. இலங்கைத் தமிழர் இன்றும் அரசுத் துறையைத்தான் அமைச்சு என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து பாய் விரிக்கிறவருக்கு அங்கே என்ன வேலை?

அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்த தம்பியிடமே கேட்டேன். "ஊழியம் என்றால் அடிமை வாடை அடிக்கிறதுங்க, அமைச்சகம் என்றால் ஒரு ஒழுங்கு தெரிகிறதுங்க" என்றார். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலியில்லாக் கட்டாய வேலை. அதில் முதுகு ஒடிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சொல் கசந்தால் நியாயம். ஆனால் அந்த வாடைக்காகவே அந்தச் சொல் பொருந்துகிறது. "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்" என்று இயேசுவின் வருகையைப் பற்றி மாற்கு 10:45 சொல்கிறது. அங்கே அமைச்சகத்தைப் போட்டு வாசித்துப் பாருங்கள். ஊழியனுக்கு மேலே ஒருவர் இருக்கிறார். அமைச்சருக்குக் கீழேதான் ஆட்கள். அரசு ஊழியர் என்று சொல்லும்போதுகூட அந்தப் பொருள் கெடவில்லை.

கத்தோலிக்கரின் திருவிவிலியம் அதே இடத்தில் தொண்டு என்கிறது. நல்ல சொல், என் காதுக்கு ஊழியத்தைவிட இனியதும்கூட. ஆனால் தொண்டர் என்றதும் கட்சிக் கொடியும், தொண்டு என்றதும் நிறுவனமும் நினைவுக்கு வந்து தொலைகின்றன. விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், சண்டைக்கு வரமாட்டேன்.

பழைய வேதாகம மொழிபெயர்ப்பாளர்களின் கூர்மைக்கு, புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் போதும். விதவைகளுக்குச் சோறு பங்கிடுவதில் சபையில் முறுமுறுப்பு. முதல் வசனத்தில் தியாகோனியாவை 'அன்றாட விசாரணை' என்றும், அடுத்ததில் அதன் வினையை 'பந்திவிசாரணை' என்றும் வைத்தார்கள். நான்காம் வசனத்தில் போதிப்பதைச் சொல்லும்போது அதே சொல் 'ஊழியம்'. கொங்கு நாட்டுக் கல்யாணத்துக்குப் போனவருக்குப் பந்தி விசாரிப்பது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. இலை இலையாக நடந்து, யாருக்கு ரசம் வரவில்லை, எந்தப் பெரியவர் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று பார்ப்பது. சபை நலமாக இருக்கிறதா என்று அறிய இதைவிட வேறு சோதனை எனக்குத் தெரியாது.

1830இல் லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் கோவைக்கு வந்தது. அந்த மிஷனில் பெரும்பாலோர், சபை தன் காரியத்தைத் தானே நடத்த வேண்டும் என்ற மரபினர். ஊர் ஊராக, வேதம் கற்பிக்கும் உபதேசியார்கள் வீடு சந்திக்கப் போனார்கள். இன்று ஊழியக்காரர் என்றால் சுவரொட்டியில் ஆளுயர முகம். ஊழியம் ஒருவரின் பட்டமாகிவிட்டது, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அமைச்சகம் அதற்கு அடுத்த படி. கைப்பேசி பெயர்த்துத் தருவதை அப்படியே ஒட்டுகிறவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒட்டியதைக் கண்டு உறுத்தாத காதுகளும் சபையில் இருக்கின்றன.

விழாவுக்குப் போயிருந்தேன். அன்பின் விருந்தில் ஓர் அக்கா ரசவாளியோடு மூன்று முறை என் இலைப் பக்கம் வந்தார். உபசரிப்பு அமைச்சகம் நீங்கள்தானா என்று கேட்டேன். "அதெல்லாம் மேடையில் இருக்கிறவங்க. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுங்களா?" என்றார்.