வெயிலில் அசையாத கடல்பாசி

எங்கள் தெருவில் ஓர் அக்கா, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். மொத்தம் ஐந்து வாண்டுகள், மூத்தவனுக்கே நாலரை வயதுதான். மதியத் தூக்கம் கலைந்ததும் ஏதாவது இனிப்பு வேண்டும். போன மே மாதம் ஒருநாள் கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஜெலட்டின் ஜெல்லி சர்பத்தாகிவிட்டது. பக்கத்துத் தட்டில் இருந்த பால் கடல்பாசி மட்டும் அப்படியே நின்றது.

நோன்புக் காலத்தில் பல வீடுகளில் செய்வார்களே, அதே கடல்பாசிதான். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால், வெள்ளை நூல்கட்டு மாதிரி எடுத்துக் கொடுப்பார்கள். பெயரில்தான் புல். பொருள் அகர், சில சிவப்புப் பாசிகளிலிருந்து எடுப்பது. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பெண்கள் கடலில் முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அந்த வகைதான்.

அகர் மாவுச்சத்து போல ஒரு நீளச் சங்கிலி. கொதிக்கும் தண்ணீரில் சங்கிலிகள் தனித்தனியாக அலையும். சூடு 40 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும், சடை பின்னுவது போல. அப்புறம் சடைகள் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகிவிடும். அதன் கண்களுக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு 10 கிராம் அகர் போதும், கெட்டியாக உறைந்துவிடும். 99 பங்கு தண்ணீரை ஒரு பங்கு வலை பிடித்து நிறுத்துகிறது!

இதில் ஒரு வேடிக்கை. உறைவது 40 டிகிரிக்குப் பக்கத்தில் என்றால், மறுபடி உருக 85 டிகிரி வேண்டும். சடை பின்னுவதைவிடப் பிரிப்பதற்குப் பாடு அதிகம். ஜெலட்டின் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் புரதம். 35 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். நம் ஊர் மே மாதத்தில் அது எப்படி நிற்கும்? 1881-ல் ஜெர்மனியில் ஃபன்னி ஹெஸ்ஸே என்ற பெண்மணி, கிருமி வளர்க்கும் தட்டில் ஜெலட்டினுக்குப் பதில் அகரைப் போடலாமே என்று சொன்னதும் இதனால்தான். அவருக்கு அது சமையலறையில் பழகிய பொருள். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் அதுதான்.

பழம் சேர்ப்பதிலும் வித்தியாசம் உண்டு. வேகவைக்காத அன்னாசியில் புரதத்தை வெட்டும் நொதி இருப்பதால் ஜெலட்டின் உறையவே உறையாது. அகர் புரதம் இல்லை, அந்த நொதியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் புளிப்போடு சேர்த்துக் கொதிக்க விட்டால் சங்கிலி அறுந்துபோகும். அக்கா ஒருமுறை எலுமிச்சைச் சாற்றை அடுப்பில் இருக்கும்போதே ஊற்றிவிட்டு, கஞ்சி மாதிரி ஒன்றைக் கரண்டியால் ஊட்டினார். சாற்றை இறக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். பாலையும் வெதுவெதுப்பாக ஊற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் பாலை ஊற்றினால் பட்ட இடத்திலேயே உறைந்து திரிதிரியாகிவிடும்.

சரி, சின்ன வாய்களுக்கு இது ஆபத்தில்லையா? யோசிக்க வேண்டிய கேள்விதான். 85 டிகிரியில் உருகுவது வாய்ச் சூட்டில் எங்கே கரையப் போகிறது? கோஞ்சாக் கிழங்குப் பசை சேர்த்த குட்டிக் கப் ஜெல்லிகள் குழந்தைகளின் தொண்டையில் சிக்கியதால், 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் விற்பனையை நிறுத்தியது. அது ரப்பர் மாதிரி இழுபடும். அகர் அப்படி இல்லை, அழுத்தினால் உதிரும். ஆனாலும் கெட்டியாகச் செய்து கட்டம் கட்டமாக வெட்டிக் கையில் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அக்கா அகரைப் பாதியாகக் குறைத்து, தளதளவென்று உறையவிட்டு, ஸ்பூனால் மசித்துத்தான் ஊட்டுகிறார், அதுவும் பிள்ளைகளை உட்கார வைத்து. இரண்டு வயது ஆகாதவளுக்குச் சர்க்கரை கிடையாது, கனிந்த வாழைப்பழம்தான் இனிப்பு.

மறுநாள் தட்டைத் திறந்தால் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் கோத்திருக்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாதீர்கள். ராத்திரி முழுக்கச் சடைகள் இன்னும் இறுகியிருக்கின்றன, பிழிந்த தண்ணீர் வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.