மழைநீரில் நீந்தி வரும் கோகோ நோய்

தென்மேற்குப் பருவமழை நான்கைந்து நாள் விடாமல் பிடித்துக்கொண்டால், பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளிலிருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கும். ஊடுபயிராக வைத்த கோகோவில் காய்கள் கறுக்கின்றன, மருந்து அடித்தும் நிற்கவில்லை என்பார்கள். போய்ப் பார்த்தால், அறுத்துப் போட்ட அழுகல் காய்கள் மரத்தடியிலேயே குவிந்து கிடக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

இது கருங்காய் அழுகல். பைட்டோப்தோரா பால்மிவோரா என்ற நுண்ணுயிரின் வேலை. பூஞ்சை என்று நாம் சொன்னாலும் இது உண்மைப் பூஞ்சை அல்ல; பழுப்புப் பாசிகளுக்கு உறவான நீர்ப்பூஞ்சை. தண்ணீர்தான் இதன் வாகனம்.

முதலில் காயில் சிறு பழுப்புப் புள்ளி தெரியும். இரண்டு வாரத்துக்குள் காய் முழுவதும் கறுத்துவிடும். ஈரம் இருந்தால் கறுத்த தோலில் மாவு தூவியதுபோல வெண்படலம் பூக்கும். அந்த மாவு முழுக்க இந்த நுண்ணுயிரின் வித்துப்பைகள். மழைத்துளி பட்டாலே உதிரும். குளிர்ந்த நீரில் ஒவ்வொரு பையும் திறந்து, வால் போன்ற இரண்டு கசையிழைகள் கொண்ட வித்துகளை வெளிவிடும். அவை உண்மையாகவே நீந்துகின்றன. காய்த்தோலில் நிற்கும் மெல்லிய ஈரமே அவற்றுக்குப் போதும். தோதான இடம் வந்ததும் இழைகளை உதிர்த்து உருண்டு, முளைவிட்டு, தோலுக்குள் இறங்கும். சில நாளில் அந்தக் காயும் மாவு பூக்கும். இந்தச் சுற்றுக்கு ஆண் பெண் சேர்க்கையே தேவையில்லை. அதனால்தான் ஒரே ஒரு காயை விட்டுவைத்தாலும் ஒரு தோப்புக்கு ஆபத்து.

மழை நின்றால் இந்த நுண்ணுயிர் தடித்த சுவருள்ள உறக்க வித்துகளாக மண்ணில் காத்திருக்கும். அடுத்த மழையில் மண் தெறித்துத் தாழ்வான காய்களைத் தொடும். மண்ணைச் சுமந்து கூடு கட்டும் எறும்புகள் மேலே கொண்டுபோகும்.

மழைக்கு முன்பே ஒரு சதவீத போர்டோ கலவை தெளியுங்கள்: 100 லிட்டர் நீருக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. துத்தக் கரைசலைத்தான் சுண்ணாம்புப் பாலில் ஊற்ற வேண்டும். தீட்டிய கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. நெருங்கிய கிளைகளைக் கவாத்து செய்து காற்றுக்கு வழி விடுங்கள். ஆனால் நோய்க்காய்களை அகற்றாமல் இவை எதுவும் கைகொடுக்காது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது அவற்றைப் பறித்துக் குழியில் புதையுங்கள். முற்றிய காய் கறுத்திருந்தால் உடனே உடைத்துப் பாருங்கள், விதை பெரும்பாலும் தேறும். காய் ஓடுகளை மட்டும் மரத்தடியில் போட்டுவிடாதீர்கள், அவையும் குழிக்குத்தான்.