சர்ரியலிசமும் பாவசங்கீர்த்தனமும்

வெள்ளவத்தையில் ஒரு சின்னக் கவிதை வாசிப்பு. பதினைந்து பேர் இருந்திருப்போம். கம்பஸ் படிக்கும் ஒரு பிள்ளை எழுந்து நாலே நாலு வரி வாசித்தார்:

அப்பாவின் சட்டைப் பையில் கை விட்டேன்
கடல் இருந்தது
இரண்டு ரூபா எடுத்தேன்
அலை அண்ணாவை அடித்தது

"இது அசல் சர்ரியலிசம், பிள்ளை" என்றார் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பின்னாலிருந்து ஒரு இளைஞர், "இல்லை சேர், இது கன்பெஷனல் கவிதை. களவெடுத்ததைத்தானே சொல்லுறா" என்றார். தேத்தண்ணி ஆறும்வரை இருவரும் விடவில்லை. எனக்கென்னவோ, இரண்டு சொற்களின் பொருளையும் முதலில் பேசியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்று தோன்றியது.

முதலில் சர்ரியலிசம். பிரெஞ்சுக் கவிஞர் கியோம் அப்போலினேர் 1917இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. தன் நாடகம் ஒன்றை அவர் 'சர்ரியலிச நாடகம்' என்றே அழைத்தார். அதன் முன்னுரையில் அவர் சொன்ன விளக்கத்தைவிடத் தெளிவான ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை: மனிதன் நடையைப் போலச் செய்ய நினைத்தபோது சக்கரத்தைப் படைத்தான், சக்கரமோ காலைப்போல இல்லை. காலை அப்படியே மரத்தில் செதுக்கினால் அது யதார்த்தம். காலின் வேலையைச் செய்துகொண்டு, காலின் சாயலே இல்லாமல் உருளுவது சர்ரியல்.

ஏழு வருடம் கழித்து, 1924இல், இன்னொரு பிரெஞ்சுக் கவிஞரான ஆந்த்ரே பிரெத்தோன் தன் சர்ரியலிச அறிக்கையில் இந்தச் சொல்லை எடுத்து வேறு திசைக்குத் திருப்பினார். மருத்துவம் படித்தவர் அவர். முதல் உலகப் போரின்போது மனநோய்ச் சிகிச்சை நிலையத்தில் வேலை செய்தவர், அடிமனதை ஆராய்ந்த பிராய்டில் ஊறியவர். அவருக்கு சர்ரியலிசம் என்பது அறிவின் கட்டுப்பாடு எதுவுமில்லாமல், அழகு பற்றியோ அறம் பற்றியோ கவலைப்படாமல், மனம் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது. 'அறம் பற்றி' என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'யதார்த்தம்' என்பதே வடமொழியில் 'பொருள் எப்படியோ அப்படி' என்றுதான் பிரியும். பிரெஞ்சில் 'சுர்' என்றால் மேல். 'மிகை யதார்த்தம்' என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிகை என்றதும் உயர்வு நவிற்சி அணிதான் நம் ஆக்களுக்கு ஞாபகம் வரும். தவிர, புகைப்படமோ என்று ஏமாறும் அளவுக்கு வரைகிற ஓவியப் பாணி ஒன்று இருக்கிறதே, அதற்கு அந்தப் பெயரை விட்டுவைப்பது நல்லது. 'அடிமன வெளிப்பாட்டியல்' பிரெத்தோனின் முறையைச் சொல்கிறது, ஆனால் மேலே இருக்கவேண்டியதை அடியில் கொண்டுபோய் வைக்கிறது. 'மீமெய்ம்மை' என்பதே எனக்குப் பிடித்தது. பாராளுமன்றத்தை 'மீயுயர் சபை' என்று இங்கே பத்திரிகைகள் எழுதுகின்றனவே, அதே 'மீ'. பேச்சில் சர்ரியலிசம் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், குற்றமில்லை.

இனி மற்றச் சொல். 1959இல் அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவெலின் கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு விமர்சனம் எழுதிய எம். எல். ரோசெந்தால், கவிதை பாவ அறிக்கையாவதைப் பற்றிப் பேசினார். 'கன்பெஷனல்' என்ற பெயர் அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கக் கவிஞர்கள் சில்வியா பிளாத், ஆன் செக்ஸ்டன் எல்லோரும் பிறகு அந்தப் பெட்டிக்குள் போடப்பட்டார்கள்.

இதைத் தமிழில் 'ஒப்புதல் வாக்குமூலக் கவிதை' என்று எழுதுகிறார்கள். கொழும்பில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை வாசிக்க எனக்குக் கூசுகிறது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்ததை ஏற்கலாம் என்று மாற்றியது. அதற்குப் பிறகு நம்மிடையே 'வாக்குமூலம்' என்றால் வாங்கப்படுவது. கவிதையில் யாரும் வாங்குவதில்லை. தானாகத்தான் கொடுக்கிறோம்.

கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கம் போனால் வேறொரு சொல் கிடைக்கும்: பாவசங்கீர்த்தனம். கத்தோலிக்கருக்கு அன்றாடச் சொல். சங்கீர்த்தனம் என்றால் உரக்கப் பாடுவது, நாமசங்கீர்த்தனம் என்கிறோமே, அதுதான். ஆனால் கூண்டுக்குள் முழந்தாளிட்டுக் காதுக்குள் குசுகுசுப்பதற்கு எப்படியோ அந்தப் பெயர் வந்து சேர்ந்துவிட்டது. குசுகுசுக்கவேண்டியதை மேடையேறிப் பாடுவதுதானே இந்தக் கவிதைகளின் வேலை? சொல் அப்படியே பொருந்துகிறது. மத வாடை வேண்டாம் என்பவர்களுக்கு 'மனந்திறப்புக் கவிதை' போதும்.

சரி, மனந்திறப்புக் கவிதை மீமெய்ம்மைக் கவிதையாக இருக்கலாமா? ஒன்று, பேசுகிற 'நான்' யார், அவருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கிறது. மற்றது, படிமம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. இரண்டு கேள்விக்கும் ஒரே கவிதை பதில் சொல்லலாம். பிளாத், தந்தையைப் பற்றிய கவிதையில், கறுப்புச் சப்பாத்துக்குள் முப்பது வருடம் பாதம்போல வாழ்ந்ததாகச் சொல்கிறார். சர்ரியலிஸ்டுகள் முன்னோடியாகக் கொண்டாடிய ஓவியர் தெ கிரிக்கோவின் ஓவியத் தலைப்பையே இன்னொரு கவிதைக்கு வைத்தவர் அவர். அக்கம்பக்கத்து வீடுகள்தான்.

ஆனால் பிரெத்தோனின் வரையறையைக் கறாராகப் பிடித்தால் சுவர் எழும்பிவிடும். அறக்கவலை இல்லாமல் பாவத்தை எப்படி அறிக்கையிடுவது? 'நான் செய்தேன்' என்று சொல்ல, சொல்கிறவர் விழித்திருக்கவேண்டும். அப்பரின் முதல் பதிகத்தைப் பாருங்கள். சூலை நோய் குடரைத் துடக்கி முடக்குகிறது என்கிறார், கொடுமை பல அறியாமல் செய்ததாகவும் சொல்கிறார். படிமம் வயிற்றைப் பிசைகிறது, அப்பரோ முழு விழிப்பில் இருக்கிறார். அதைச் சர்ரியலிசம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பிள்ளையின் நாலு வரிக்கு வருவோம். கலைந்து போகும்போது கேட்டேன், ஏன் பைக்குள் கடல் என்று. அப்பா துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதியவராம். வீட்டுக்கு வரும்போது சட்டைப் பை உப்புப் பிசுபிசுப்போடு, சிலவேளை கோதுமை மணி நாலைந்தோடு இருக்குமாம். ஆக அது கனவிலிருந்து வந்த கடல் இல்லை. உப்பிலிருந்து ஒரே எட்டில் கடலுக்குப் போன உருவகம். ஆசிரியர் தோற்றார் என்றுதான் நினைத்தேன். பிறகு கடைசி வரி இடறியது. காசை எடுத்தது இவர், அடி வாங்கியது அண்ணன், அடித்தது அப்பா. கவிதையில் அடிப்பது அலை. அப்பாவின் கைக்கு அலையில் ஒரு சாயலும் இல்லை, ஆனால் கையின் வேலையை அது செய்கிறது. அப்போலினேரின் சக்கரம்! பிரெத்தோனின் கணக்கில் ஆசிரியருக்கு இடமில்லை, அப்போலினேரின் கணக்கில் ஒரு வரிக்கு இருக்கிறது. மற்ற மூன்றும் அந்த இளைஞருக்கு.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கையில் அண்ணா கவிதையை வாசித்தாரா என்று கேட்டேன்.

"அவருக்கு இன்னும் தெரியாது" என்றார்.